ஆற்றில் நீந்தும் பாம்பெல்லாம் தண்ணீர்ப் பாம்பா?

காவிரிக் கரை ஊர்களில் பாம்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகள் மிக உறுதியாகச் சொல்லப்படும். "தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் கிடையாது" என்பது ஒன்று. "பாம்பென்றால் பாம்புதான், கண்ட இடத்தில் அடித்துவிட வேண்டும்" என்பது மற்றொன்று. முதல் கருத்தை நம்புகிறவர் கழிமுகத்தில் வலையில் சிக்கிய பாம்பை வெறுங்கையால் பிரித்தெடுக்கப் போய் உயிராபத்தைத் தேடிக்கொள்ளக்கூடும். இரண்டாவதை நம்புகிறவர் வாய்க்காலில் தவளை தேடிக்கொண்டிருக்கும், யாருக்கும் கேடு செய்யாத ஓர் உயிரைக் கொன்றுவிட்டுக் கடமை முடிந்ததென்று போய்விடுவார். இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றே: ஒரு பாம்பு எங்கே காணப்படுகிறது என்பதையும் அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முகவரி வேறு, குடும்பம் வேறு

ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்தார் அல்லர். தெருப் பெயர் ஒருவரின் முகவரியைச் சொல்லுமே தவிர, அவருடைய முன்னோர் யார், எந்தச் சாயல் அவருக்கு வழிவழியாக வந்தது என்பதைச் சொல்லாது. "தண்ணீர்ப் பாம்பு" என்ற பெயரும் அப்படிப்பட்ட ஒரு முகவரிதான். நீரில் இரை தேடிப் பழகிய பாம்பு என்பதற்கு மேல் அது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. நஞ்சு இருக்கிறதா, முட்டையிடுமா, குட்டி போடுமா என்பன போன்ற கேள்விகளுக்கு விடை முகவரியில் இல்லை, குடும்பத்தில்தான் இருக்கிறது. உயிரியலில் குடும்பம் என்பது, ஒரு பொது மூதாதையிடமிருந்து கிளைத்து, உடலமைப்பில் நெருக்கம் காட்டும் இனங்களின் தொகுதியாகும்.

குடகு மலையில் தலைக்காவேரியில் தொடங்கி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி, வங்கக் கடலில் கலக்கும் காவிரியை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். ஆற்றின் நன்னீர்ப் பகுதியிலும் டெல்டாவின் வாய்க்கால்களிலும் ஒரு குடும்பத்துப் பாம்புகள் வாழ்கின்றன. உப்பு நீர் ஏறி இறங்கும் கழிமுகத்தில் வேறு இரண்டு மூன்று குடும்பங்கள் வந்து சேர்கின்றன. எல்லாமே நீரில் வாழ்பவை, ஆயினும் அவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரிது.

சுருங்கச் சொன்னால், தண்ணீர்ப் பாம்பு என்பது வாழ்க்கை முறையின் பெயர். நஞ்சு உண்டா இல்லையா என்பதற்கான சான்றிதழ் அன்று.

நீர்க்கோலி: ஆற்றங்கரையின் அன்றாடப் பாம்பு

மேட்டூர் தொடங்கித் தஞ்சை, நாகை வாய்க்கால்கள் வரை படித்துறையிலும் மதகிலும் நாம் அதிகம் காண்பது நீர்க்கோலியைத்தான். பல ஊர்களில் தண்ணீர்ப் பாம்பு என்று பொதுவாகச் சொன்னாலே இதைத்தான் குறிக்கும். உடலின் மேற்புறத்தில் சதுரங்கப் பலகையில் உள்ளதுபோல் கருங்கட்டங்கள் வரிசையாக அமைந்திருக்கும். அடிநிறம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ பசுமை கலந்தோ இருக்கலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி இதை அடையாளம் காண இயலாது. நம்பத்தக்க அடையாளம் கண்ணருகே உள்ளது. கண்ணுக்குக் கீழே ஒன்றும் கண்ணுக்குப் பின்னால் ஒன்றுமாக, மை தீட்டியது போன்ற இரண்டு கருங்கோடுகள் சாய்வாக இறங்கும். பெரும்பாலானவை ஒரு மீட்டருக்கு உட்பட்டவை. பெண் பாம்பு ஆணைவிடப் பருத்து நீண்டிருக்கும்.

இதன் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் மெல்லிய மேடு ஒன்று ஓடும். இந்த மேட்டைக் கொண்டே ஆங்கிலப் பாம்பு நூல்கள் இவ்வகைப் பாம்புகளை 'கீல்பேக்' என்கின்றன. சாரையின் வழவழப்பான உடலோடு ஒப்பிட்டால் நீர்க்கோலியின் முதுகு சற்றே சொரசொரப்பாகவும் பளபளப்பு குன்றியும் தோன்றுவதற்குக் காரணம் இந்த மேடுகள்தாம். இதே கிளையைச் சேர்ந்த மற்றொன்று ஆலிவ் கீல்பேக். கட்டங்கள் ஏதுமில்லாத மங்கிய பசும்பழுப்பு முதுகும் மஞ்சள் வயிறும் கொண்ட, கூச்ச சுபாவமுள்ள பாம்பு. கையில் பிடித்தாலும் அது கடிக்க முனைவது அரிது. நீர்க்கோலி அப்படியல்ல, நல்ல முன்கோபி.

அந்த முன்கோபமே அதற்கு வினையாகவும் முடிகிறது. தப்பியோட வழியில்லாமல் மடக்கப்பட்டால் அது உடலின் முன்பகுதியைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக விரித்து, சீறிக்கொண்டு பாயும். பார்ப்பவர்கள் நாகக் குட்டி என்று முடிவுகட்டி அடித்துவிடுவார்கள். நாகத்தின் படம், கழுத்து விலா எலும்புகள் நீண்டிருப்பதால் அகன்று விரிவது. நீர்க்கோலியின் கழுத்து சற்றே பரந்து தட்டையாவதோடு நின்றுவிடும். முன்சொன்ன இரு கோடுகளும் நாகத்தின் கண்ணருகே இரா. கையில் சிக்கினால் மலத்துளை அருகேயுள்ள சுரப்பிகளிலிருந்து நாற்றம் வீசும் நீர்மத்தை நீர்க்கோலி பீய்ச்சும். வாலைப் பிடித்தால் உடலைச் சுழற்றி, வால் நுனியை முறித்துக்கொண்டே தப்பிவிடுவதும் உண்டு. ஆனால் பல்லிக்கு வளர்வதுபோல் முறிந்த வால் மீண்டும் வளராது. கரையில் மொட்டை வாலோடு திரியும் நீர்க்கோலி ஏதோவொரு பிடியிலிருந்து நழுவியதாக இருக்கலாம்.

நீரில் வாழ்ந்தாலும் மூச்சு காற்றில்தான்

பாம்புக்குச் செவுள் கிடையாது. நீரில் கரைந்துள்ள உயிர்வளியை மீன்போல் வடித்தெடுக்க அதனால் இயலாது. நுரையீரலை நிரப்பிக்கொள்ள மேலே வந்தே ஆக வேண்டும். வலையில் இழுத்துப் போட்ட, பாம்பு போன்ற நீண்ட உடலுக்குத் துடுப்பும் செவுள் துளையும் இருந்தால் அது விலாங்கு மீனே தவிரப் பாம்பன்று. பலர் தண்ணீர்ப் பாம்பென்று அடித்துப் போடுபவற்றில் விலாங்கும் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

பாம்பின் இடப்பக்க நுரையீரல் மிகச் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும். வலப்பக்க நுரையீரல் மட்டும் உடலின் நீளத்துக்கு ஏற்ப நீண்டு கிடக்கும். அதன் முன்பகுதியில்தான் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக உள்ளன; பின்பகுதி பெரும்பாலும் காற்றைச் சேமித்து வைக்கும் பையாகவே பயன்படுகிறது. அசையாமல் கிடக்கும் பாம்புக்கு உயிர்வளிச் செலவும் குறைவு என்பதால், ஒரு முறை நிரப்பிக்கொண்ட காற்றோடு அது பல நிமிடங்கள் நீரடியில் தங்கிவிடும். நீர்க்கோலியின் கண்களும் நாசித் துளைகளும் தலையின் மேற்பகுதியை ஒட்டி அமைந்திருப்பதால், உடலை நீருக்குள் மறைத்துக்கொண்டு தலையை மட்டும் சிறிது உயர்த்திச் சுற்றுமுற்றும் பார்த்தபடியே அதனால் மூச்சுவிட முடியும். ஆகாயத் தாமரைக்கு நடுவே விரல் பருமனில் ஒரு தலை அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

நீச்சலின் இயக்கமும் சிக்கலானதன்று. தலையிலிருந்து வால் நோக்கி உடலில் பக்கவாட்டு வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஒவ்வொரு வளைவும் நீரைப் பின்னோக்கித் தள்ள, பாம்பு முன்னோக்கிச் செல்கிறது. தரையில் ஊர்வதற்குப் பயன்படும் அதே அசைவு இது. ஆகையால் தனிப் பயிற்சி ஏதும் இல்லாமலே ஏறத்தாழ எல்லாப் பாம்புகளுக்கும் நீந்த வரும். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

வெயில் காய்வது ஏன்

காலை ஏழு எட்டு மணிக்குப் படித்துறைக் கல்லிலோ கோரைப் புதரிலோ நீர்க்கோலி சுருண்டு கிடந்தால், அது யாரையும் கடிப்பதற்காகக் காத்திருக்கவில்லை. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல் சூழலிலிருந்து பெறும் விலங்கு. இத்தகைய விலங்கைக் குளிர்இரத்தப் பிராணி என்று பாடநூல்கள் அழைத்தாலும், வெயிலில் கிடந்த பாம்பின் இரத்தம் நம் இரத்தத்தின் சூட்டை எட்டிவிடும் என்பதால் அந்தப் பெயர் அவ்வளவு பொருத்தமில்லை. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும்; நீரில் இருக்கும் வரை பாம்பின் உடற்சூடு நீரின் அளவுக்கே இறங்கிவிடும். தின்ற மீன் செரிக்கவும், தசைகள் விரைந்து இயங்கவும் சூடு வேண்டும் என்பதால், இரை தேட நீரும் செரிக்கக் கரையும் ஆக அதன் நாள் இரண்டாகப் பிரிகிறது.

இனப்பெருக்கத்துக்கும் அதற்குக் கரை வேண்டும். நீர்க்கோலி முட்டையிடும் பாம்பு. வளைகளிலும் கரை ஓரத்துப் பொந்துகளிலும் பொதுவாக 30 முதல் 70 முட்டைகள் வரை இடும், தாய் அவற்றின் அருகிலேயே தங்குவதும் உண்டு. முட்டைக்குள் இருக்கும் கருவும் காற்றைத்தான் சுவாசிக்கிறது. வெள்ளத்தில் முழுகினால் அழிந்துவிடும். வாய்க்கால் கரைகளை முழுவதும் கான்கிரீட் பூசி மூடிவிட்டால் நீர் ஓடுவது எளிதாகிறது, ஆனால் இந்தப் பாம்புக்கு முட்டையிட இடமும் ஒதுங்க வளையும் இல்லாமல் போகின்றன. தூர்வாரும் திட்டங்களில் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

காவிரியின் நீர் வரத்து இந்தப் பாம்பின் நடமாட்டத்தையும் மாற்றுகிறது. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் நீர் பிரிந்து, வயல்களுக்குப் பாயத் தொடங்கினால் தவளையும் தலைப்பிரட்டையும் எங்கும் பெருகும். அவற்றைத் தொடர்ந்து பாம்பும் நாற்றங்கால் வரை பரவும். கோடையில் ஆறு மணலாகி, மடுக்களில் மட்டும் நீர் தேங்கும்போது மீன்கள் அந்தச் சிறிய இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும்; அப்போது ஒரே மடுவில் பல நீர்க்கோலிகளைக் காணலாம். "இந்த வருஷம் பாம்பு பெருத்துவிட்டது" என்று மக்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். பாம்பு பெருக்கவில்லை, நீர் சுருங்கியிருக்கிறது.

ஆக, நீர்க்கோலி நீரையும் கரையையும் ஒரே நாளில் மாறி மாறிப் பயன்படுத்தும் பாம்பு. மூச்சுக்கும் சூட்டுக்கும் முட்டைக்கும் அது நீரைவிட்டு வெளியே வந்தாக வேண்டும்.

நஞ்சில்லாமல் எப்படி வேட்டையாடுகிறது

பாம்பு தன் பிளவுபட்ட நாக்கால் நீரிலும் காற்றிலும் உள்ள வாசனைத் துகள்களைத் திரட்டி, மேலண்ணத்தில் உள்ள ஓர் உணர் உறுப்புக்குக் கொண்டுசெல்கிறது. இரை அருகில் இருப்பதை இப்படி அறிந்த நீர்க்கோலி, சேற்று நீரில் தலையைப் பக்கவாட்டில் வீசிப் பிடிக்கும். இறுக்கிக் கொல்வதோ நஞ்சேற்றி மயக்குவதோ கிடையாது. உயிரோடு அப்படியே விழுங்கிவிடும். இதற்கு அதன் பற்களே போதும். ஊசிபோல் மெலிந்து, தொண்டையை நோக்கிப் பின்வளைந்த பற்கள் வரிசை வரிசையாக இருப்பதால், வழுக்கும் மீன் திமிறத் திமிற உள்ளேதான் செல்லும். செதிலும் துடுப்பும் குத்தாமல் இருக்க மீனைப் பெரும்பாலும் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். சற்றுப் பெரிய மீனாக இருந்தால் கரைக்கு இழுத்து வந்துவிடும். வாய் முழுவதும் இரை அடைத்திருக்கும்போது மூச்சுத் திணறாதிருக்க, வாயின் அடித்தளத்தில் உள்ள மூச்சுக்குழல் முனையை அது முன்னால் நீட்டிக்கொள்ளும்.

தண்ணீருக்குள் பாம்பு கடிக்காது என்ற நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பது இதிலிருந்தே விளங்கும். நீருக்குள் மீனைக் கடித்துப் பிடிக்கிற வாய்க்கு, நீருக்குள் காலைக் கடிப்பது கடினமன்று. நீர்க்கோலி கடித்தால் சிறு சிறு கீறல்களும் புள்ளிகளும் வளைவாகப் பதிந்து, சிறிது நேரம் இரத்தம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, காயத்துக்கு மருந்திட்டு, டெட்டனஸ் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொண்டால் போதுமானது. கடித்தது நீர்க்கோலிதான் என்பது ஐயமற உறுதியாக இருக்கும்போது மட்டுமே இது பொருந்தும்.

நஞ்சு என்பது உண்மையில் என்ன

பாம்பின் நஞ்சு, மாறுதலடைந்த உமிழ்நீர்ச் சுரப்பிகளில் ஊறி, பல்லின் வழியாக இரையின் உடலுக்குள் செலுத்தப்படும் புரதக் கலவை. அதைச் செலுத்தும் பல்லை நச்சுப்பல் என்கிறோம். இது அமைந்துள்ள இடத்தைக் கொண்டு பாம்புகளை எளிதாக மூன்றாகப் பார்க்கலாம். நீர்க்கோலிக்கும் ஆலிவ் கீல்பேக்குக்கும் நச்சுப்பல் இல்லை. சில பாம்புகளுக்கு மேல்தாடையின் பின்பகுதியில் பள்ளக்கோடு கொண்ட பற்கள் உண்டு. இவை சற்று மென்றால்தான் நஞ்சு இறங்கும். நாகம், கட்டுவிரியன், விரியன் வகைகள், கடல் பாம்புகள் ஆகியவற்றுக்கு வாயின் முன்பகுதியில் ஊசி மருந்து ஏற்றும் குழல்போன்ற நச்சுப்பற்கள் உள்ளன. ஒரு நொடிக் கடி போதும்.

இந்த மூன்றும் காவிரியின் நீளத்தில் எங்கெங்கே வருகின்றன என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் மையம்.

ஆறு கடலை நெருங்கும்போது

கொள்ளிடமும் வெள்ளாறும் கடலில் சேரும் இடங்களுக்கு இடையே பிச்சாவரத்து அலையாத்திக் காடு இருக்கிறது. இத்தகைய கழிமுகங்களில் ஓதம் ஏறும்போது உப்பு நீர் ஆற்றுக்குள் வரும், இறங்கும்போது சேறு வெளியே தெரியும். மேலே சொன்ன நீர்க்கோலியின் இடம் இங்கே குறைந்து, வேறு குடும்பத்தார் முன்னே வருகிறார்கள்.

அவர்களுள் ஒன்று நாய்முக நீர்ப்பாம்பு. மேலுதட்டைவிடக் கீழ்த்தாடை சற்றே துருத்தி, சிறு கண்கள் மேல்நோக்கி அமைந்த முகத்தால் அதற்கு அந்தப் பெயர். இது ஹோமலாப்சிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. நாசித் துளைகளை மூடித் திறக்கும் தடுக்கு இதற்கு உண்டு. நீருக்குள் போனதும் மூடிக்கொள்ளும். முட்டையிடாமல் குட்டி போடுவதால், நீர்க்கோலியைப்போல் உலர்ந்த கரையைத் தேடி ஏற வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை. சேற்றிலேயே வாழ்நாளைக் கழிக்கலாம். பின்பக்க நச்சுப்பற்கள் உள்ளன. அந்த நஞ்சு மீனுக்கு எமன். மனிதருக்கு வலியும் வீக்கமும் தருமே தவிர, உயிரைப் பறிப்பதில்லை. "தண்ணீர்ப் பாம்புக்கு விஷமில்லை" என்ற விதி முதன்முதலில் தளர்வது இங்கேதான்.

அதே கழிமுகத்தில், உடல் முழுவதும் மணல் தூவியது போன்ற சிறு செதில்களும் தொளதொளத்த தோலும் கொண்ட ஒரு பாம்பையும் மீனவர்கள் காண்பதுண்டு. அக்ரோகார்டிடே என்னும் மிகச் சிறிய குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு நஞ்சில்லை. வழுக்கும் மீனை அந்தச் சொரசொரத் தோலால் சுற்றிப் பிடிக்கும். நுரையீரல் சுவாசத்தோடு தோல் வழியாகவும் ஓரளவு உயிர்வளியைப் பெற்றுக்கொள்ளும். தரையில் விட்டால் நகரவே தடுமாறும்.

விதி முற்றிலும் உடைவது கடல் பாம்பிடம். கடல் பாம்புகள் நாகமும் கட்டுவிரியனும் சேர்ந்துள்ள எலாப்பிடே குடும்பத்தின் கிளை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்; உருவத்தில் எந்த ஒற்றுமையும் தெரியாவிட்டாலும் முன்பக்க நச்சுப்பல் அந்த உறவைக் காட்டிக்கொடுக்கும். கொக்கிமூக்குக் கடல் பாம்பு கலங்கலான ஆழமற்ற நீரை விரும்பி, கெளுத்தி மீன்களைத் தேடி ஆற்று முகத்துக்குள்ளும் வரும். அதன் நஞ்சு தசைகளைச் சிதைக்கும். சிதைந்த தசையின் கழிவால் சிறுநீர் கருத்துப் போகும், சிறுநீரகம் பாதிக்கப்படும். கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம் என்பதே இதன் கொடுமை.

எனவே மேலே மேட்டூரில் பெரும்பாலும் பொருந்தும் ஒரு நாட்டு வழக்கு, கீழே கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்று முகத்தில் ஆளைக் கொல்லும் பொய்யாகிவிடுகிறது. ஆறு அதேதான், பாம்புகளின் குடும்பம் மாறிவிட்டது.

வெள்ளத்தில் வரும் தரைப்பாம்புகள்

ஏறத்தாழ எல்லாப் பாம்புகளுக்கும் நீந்த வரும் என்பதை முன்பே பார்த்தோம். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகினால் எலி வளைகளிலும் வரப்புகளிலும் இருந்த நாகமும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் நீரில் அடித்துவரப்பட்டு, மிதக்கும் வைக்கோலிலும் மதகுச் சுவரிலும் ஒதுங்கும். அந்தக் காலத்தில் நீரில் மிதந்து வருவது தண்ணீர்ப் பாம்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பைவிட ஆபத்தானது வேறில்லை. உடல் முழுவதும் நீர்மேல் தெரிந்தால் நஞ்சுள்ளது, தலை மட்டும் தெரிந்தால் நஞ்சற்றது என்று சொல்லப்படும் அளவுகோலையும் நம்ப வேண்டாம். பாம்பு எவ்வளவு மிதக்கும் என்பதை அதன் நுரையீரலில் அப்போது உள்ள காற்றும் அது நீந்தும் விதமும் முடிவு செய்கின்றன. ஒரே பாம்பு காலையில் ஒரு விதமாகவும் விரட்டினால் வேறு விதமாகவும் நீந்தும்.

அடையாளம் உறுதியாகத் தெரியாத எந்தக் கடியையும் நச்சுக்கடியாகவே கருத வேண்டும். கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகிய மூன்றும் தீங்கு செய்பவை. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றிவிட்டு, பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு குதிரைகளில் உருவாக்கப்படுவது. இதற்கான நஞ்சைத் தருவதில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நான்கில் கடல் பாம்பு இல்லை. ஆகவே கழிமுகத்தில் கடிபட்டவர், கடி நேர்ந்த இடத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். மூச்சையும் சிறுநீரகத்தையும் காக்கும் சிகிச்சையை முன்கூட்டியே தொடங்க அது உதவும்.

வலையில் சிக்கினால்

தண்ணீர்ப் பாம்புகளுக்கு இன்று கல்லடியோடு மெல்லிய நைலான் வலையும் ஒரு பெரிய ஆபத்து. மீனை எட்டிப் பிடிக்கப் போய்க் கண்ணியில் கழுத்து மாட்டிக்கொண்டால், மூச்சுக்காக மேலே வர முடியாமல் அது நீரிலேயே மூச்சடைத்துச் செத்துவிடும். மாலையில் கட்டிய வலையை இரவில் ஒரு முறையேனும் தூக்கிப் பார்க்கும் வழக்கம் இருந்தால், பாம்பும் பிழைக்கும், சிக்கிய மீனையும் அது தின்னாது. இந்தப் பாம்புகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

உயிரோடு சிக்கியதை விடுவிக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தலையை அன்று, வாலை. வால் துடுப்புபோல் பக்கவாட்டில் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு. கையை அருகில் கொண்டுபோகாமல், நீண்ட கழியால் அழுத்திக்கொண்டு அந்த இடத்து வலையைத் தள்ளி நின்று அறுத்துவிடுவதே முறை. வால் உருண்டு கூர்ந்திருந்தால் கடல் பாம்பு அன்று என்பது மட்டுமே உறுதி. நாகமும் விரியனும்கூட உருண்ட வாலுள்ளவைதாம் என்பதால், கண்ணருகே அந்த இரண்டு கருங்கோடுகளும் முதுகில் கட்டங்களும் தெரிகிற வரை கத்தரிக்கோலுக்கும் விரலுக்கும் இடையே கழி ஒன்று இருக்கட்டும்.